பதினோராவது கைதட்டல்

"எட்டு" என்றேன்.

"ஒம்போது, டீச்சரம்மா. பக்கத்து வூட்டுத் தறி சத்தத்துல ஒண்ண விட்டுட்டீங்க" என்றார் தேவசகாயம்.

நாங்கள் இருவரும் மூடிய கதவுக்கு வெளியே, வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நான் விருந்துக்குக் கட்டிய பட்டுப்புடவையில். அவர் வெள்ளைச் சட்டை, இடுப்பில் சின்ன வெள்ளை ஏப்ரன், கையில் புது வெள்ளைக் கையுறை, மடிமேல் ஒரு வாள். வாள் என்றதும் பயப்பட வேண்டாம். அதை வைத்து ஒரு வெண்டைக்காய்கூட நறுக்க முடியாது.

உள்ளே என் வீட்டுக்காரர், இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கண்புரை எடுத்த டாக்டர், அன்று மேசன் லாட்ஜின் புதிய மாஸ்டராகப் பதவி ஏற்றிருந்தார். ஏற்ற கையோடு தன் கீழே வேலை செய்யப்போகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கழுத்தில் நீலப் பட்டை போட்டு நியமித்துக்கொண்டிருந்தார். பட்டை விழுந்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். கையுறையோடு தட்டுவதால் தலையணையைத் தட்டுவது போல மொத்தென்று கேட்கும். வெளியில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் கணக்கு.

மொத்தம் பன்னிரண்டு பதவிகள். வரிசை மாறாது. பதினோராவது உள்காவலர், கதவுக்கு உள்பக்கம் நிற்பவர். பன்னிரண்டாவது, கடைசியானவர், வெளிக்காவலர். கதவுக்கு வெளியே வாளோடு உட்காருகிறவர். யாராவது வந்தால் கதவில் மூன்று தட்டுத் தட்டி உள்ளே தெரிவிப்பதும் அவர் வேலை. பதினேழு வருடமாக அந்தக் கடைசி ஆள் தேவசகாயம்.

பத்தாவது கைதட்டலுக்குப் பிறகு கதவு திறந்து அவரைக் கூப்பிட்டால் அவர் உள்காவலர். பதினோராவது கைதட்டலும் கதவு மூடியிருக்கும்போதே கேட்டுவிட்டால் பழைய நாற்காலி, பழைய வாள். இந்த வருடம் உள்ளேதான் என்று என் வீட்டுக்காரர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். என் காது கேட்கக் கொடுத்திருந்தார்.

பத்தாவது கைதட்டல் கேட்டது. தேவசகாயம் எழுந்து நின்று கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவர் நிற்கட்டும்

அவர் அப்படியே நிற்கட்டும். அதற்குள் இந்த லாட்ஜ் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் மாமியாரின் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதியதற்கே, விவரம் போதவில்லை என்று இரண்டு பேர் கடிதம் போட்டிருந்தார்கள்.

கல்யாணமான புதிதில், "லாட்ஜுக்குப் போயிட்டு வரேன்" என்று இவர் ஒரு சனிக்கிழமை கறுப்புப் பெட்டியோடு கிளம்பியபோது என் அம்மா வெளிறிப் போய்விட்டாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் வாடகை அறை என்று நினைத்துக்கொண்டாள், பாவம். ஊரிலும் கதைகள் உண்டு. மண்டை ஓடு வைத்திருக்கிறார்கள், ரத்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பார்கள். முப்பது வருடமாக அந்த ஏப்ரனை இஸ்திரி போட்டவள் நான். அதில் ரத்தத்தைப் பார்த்ததில்லை. குருமாக் கறைதான் பார்த்திருக்கிறேன்.

மேசன்கள் என்பது வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஒரு சகோதரர் சங்கம். பிள்ளையார்பாளையத்து ஓரத்தில், ஓடு வேய்ந்த பழைய கட்டடம். மாதத்தின் முதல் சனிக்கிழமை டாக்டர், ஆடிட்டர், பட்டுக்கடை முதலாளி, கல்லூரி முதல்வர் என்று இருபது பேர் கூடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் சடங்கு நடத்துவார்கள். பிறகு கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவரை ஒருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிட வேண்டும். உள்ளே பணக்காரன், ஏழை, சாதி, மதம் எதுவும் கிடையாது, எல்லோரும் ஒரே மட்டம். இதை இவர் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது.

நல்லதும் செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். இவருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நடந்தபோது ஆறு பிரதர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். வார்டில் கட்டிலைச் சுற்றி ஒரே சிரிப்பு, பேச்சு. ஏழாவதாக தேவசகாயம் தினமும் வந்தார். அவர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் போன பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னா சார், எப்பிடி இருக்குது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எல்லோரும் எல்லோருக்கும் பிரதர். அவர் மட்டும் எல்லோருக்கும் 'தேவா'. அவருக்கு எல்லோரும் 'சார்'.

கார் ஷெட் பள்ளிக்கூடம்

தேவசகாயம் ஐயம்பேட்டைக்காரர். ஊருக்குள் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தார். லாட்ஜின் அழைப்பிதழ்களும் சடங்குத் தாள்களும் அங்கேதான் அச்சாகும். அச்சக முதலாளியும் ஒரு மேசன். வெளிக்காவலுக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடியபோது, முதலாளி தேவசகாயத்தை முறைப்படி உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். சேர்ந்த மறுமாதமே கையில் வாள் வந்தது. மற்றவர்கள் எல்லாம் வருடத்துக்கு ஒரு படி ஏறி மாஸ்டர் நாற்காலி வரை போய் வந்தார்கள். தேவசகாயம் ஏறவில்லை. "உங்கள மாதிரி யாரு தேவா கதவு காப்பாங்க?" என்று ஒவ்வொரு வருடமும் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சடங்கு முழுவதும், எல்லாப் பதவிக்காரர்களின் வரிகளும், அவருக்குத் தலைகீழாகத் தெரியும். ஈய எழுத்தைத் தலைகீழாக வைத்துப் பழகியவர் வேறு. உள்ளே ஒரு பிரதர் திணறினால், வெளியே நாற்காலியில் இருந்தபடியே அடுத்த வரியை முணுமுணுப்பார். நானே கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கண் நரம்பெல்லாம் பெயர் சொல்லத் தெரியும், நான்கு வரி மனப்பாடம் வராது. ஆகவே ஒன்பது வருடம், ஒவ்வொரு படிக்கும், தேவசகாயம்தான் ஆசான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சைக்கிளில் வருவார். எங்கள் கார் ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாடம் நடக்கும். வீட்டுக்குள் நடத்தினால் ரகசியம் என் காதில் விழுந்துவிடும் என்பார் இவர். தனியாகப் படிக்கும்போதும், செயலாளர் ரங்கநாதன் வந்து இரண்டு பேரும் சேர்ந்து படிக்கும்போதும் மாடி அறை. கதவைச் சாத்திக்கொண்டு கத்துவார்கள். தேவசகாயம் வந்தால் ஷெட்.

நான் காபி கொண்டுபோய் ஷெட் வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வருவேன். அப்படி வைக்கப் போனபோதுதான் இவர் சொன்னதைக் கேட்டேன். "தேவா, நான் மாஸ்டரானா மொத வேலை, உங்கள உள்ள கூப்பிடறதுதான்."

தேவசகாயம், "மொதல்ல இந்த மூணாவது பாராவ முழுங்காம சொல்லுங்க சார்" என்றார். சைக்கிளை எடுக்கும்போது பார்த்தேன். முகமெல்லாம் பல்.

கதவு திறந்தது

இனி வராந்தாவுக்கு வருவோம். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டுத் தறி நின்றது. உள்ளே என் வீட்டுக்காரர் குரல் ஏதோ சொன்னது. அதன் பிறகு, கதவு மூடியபடியே இருக்க, கைதட்டல் கேட்டது.

"பதினொண்ணு" என்றார் தேவசகாயம்.

"இல்ல, நாம தப்பா எண்ணியிருப்போம்" என்றேன்.

"நான் எண்ணினா தப்பாது, டீச்சரம்மா."

கதவு திறந்தது. திறந்தவன் நகைக்கடை மகேஷ். லாட்ஜில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவன் கழுத்தில் உள்காவலரின் பட்டை புத்தம் புதிதாகத் தொங்கியது. "தேவா, வாங்க, உங்க டர்ன்" என்றான். தேவசகாயம் வாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பன்னிரண்டாவது கைதட்டல் கேட்டது. அதே வாளோடு வெளியே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். புதுக் கையுறையைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதே உள்ளே புகுந்து கத்த வேண்டும் போல இருந்தது. பெண்கள் உள்ளே வரக் கூடாது என்ற அவர்கள் சட்டத்தை மதித்து உட்கார்ந்திருந்தேன். அந்த மரியாதைக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல்.

கடைசி வாழ்த்து

விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. டம்ளரைத் தூக்கி வாழ்த்துச் சொல்வார்கள். எங்கள் ஊரில் டம்ளரில் ரோஸ் மில்க். கடைசி வாழ்த்து வெளிக்காவலருடையது. கைகழுவும் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருப்பவர் எழுந்து, உலகத்தில் எங்கெங்கோ கஷ்டத்திலும் துயரத்திலும் இருக்கும் சகோதரர்களுக்காக வேண்டிக்கொள்வார்.

தேவசகாயம் எழுந்தார். ஒரு சொல் பிசகவில்லை. எல்லோரும் உருக்கமாகத் தலை குனிந்து, எங்கோ கண்காணாத சகோதரனுக்காக ரோஸ் மில்க் குடித்தார்கள். அந்த டம்ளரை யார் தலையிலாவது கவிழ்க்கலாமா என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் தலைதான் பக்கத்தில் இருந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவது நான்தான். ஓட்டுகிறவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"என்ன நடந்தது?"

"மத்தியானம் சீனியர்ஸ் நாலு பேர் கிளினிக்குக்கு வந்தாங்க ஜெயா."

"வந்து?"

"உள்காவலர்னா வரிசைல வந்தாச்சுன்னு அர்த்தம். ஏழெட்டு வருஷத்துல மாஸ்டர் சேர் வரைக்கும் வந்துடுவாரு. மெட்ராஸ்லேர்ந்து பெரியவங்கல்லாம் வருவாங்க. அந்தச் சேர்ல அவர் உக்காந்தா..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். இந்த வாக்கியத்தை நம் ஊரில் யாருமே முடிப்பதில்லை. "காலனிக்காரர் உக்காந்தா. அதானே?" என்று நான் முடித்தேன்.

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க சொல்லல. செஞ்சீங்க."

ஒரே மட்டம், ஒரே மட்டம் என்று முப்பது வருடம் எனக்கு வகுப்பெடுத்த மனிதர். அன்றிலிருந்து ஒரு மாதம் அவருக்குச் சாப்பாடு போட்டேன், பேச்சுப் போடவில்லை.

பிரியாணி மட்டும் திறந்தது

அடுத்த மாதத்துச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு தேவசகாயம் வரவில்லை. கட்டடத்துச் சாவியை ஒரு கவரில் போட்டு மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கடிதம் எதுவும் இல்லை.

கதவுக்கு வெளியே காவலர் இல்லாமல் லாட்ஜைத் திறக்க முடியாது. மாஸ்டர் கேட்கும் முதல் கேள்வியே கதவு காவலில் இருக்கிறதா என்பதுதானாம். ஆகவே யாராவது ஒருவர் வெளியே உட்கார்ந்தாக வேண்டும். இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

நான் காரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் பதினெட்டு பேர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாள் நாற்காலிமேல் கிடந்தது. ஆடிட்டருக்கு முழங்கால் வலி. கல்லூரி முதல்வருக்குக் கொசு ஆகாது. "நான் உள்காவலர், என் டியூட்டி உள்ளதான்" என்றான் மகேஷ். நாற்காலியைச் சுற்றி நின்றார்களே தவிர, ஒருவர் கையும் அதைத் தொடவில்லை.

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. இறங்கிப் போய், வாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் ரங்கநாதன் பதறிவிட்டார். "மேடம், மேடம், லேடீஸ் இதெல்லாம்... வழக்கம் இல்லையே."

"உள்ளதானே லேடீஸ் வரக் கூடாது? இது வெளியிலதானே இருக்குது? கௌரவமான வேலைன்னு பதினேழு வருஷம் அவர்கிட்ட சொன்னீங்களே, உங்கள்ல ஒருத்தருக்குக்கூட அந்தக் கௌரவம் வேண்டாமா?"

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் மட்டும் பார்த்தார். அன்று லாட்ஜ் திறக்கவில்லை. ஆனால் பிரியாணி வந்துவிட்டதே! அந்த அண்டாவை மட்டும் திறந்தார்கள். நல்ல பசிபோலும். வெங்காயப் பச்சடி போதவில்லை என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது.

ஐயம்பேட்டையில்

மறுவாரம் இவரையும் ரங்கநாதனையும் ஏற்றிக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று நான் நினைத்தேன். ஆளை அழைத்து வர என்று ரங்கநாதன் நினைத்திருந்தார்.

"உள்ள வாங்க, டீச்சரம்மா. உள்ள வாங்க சார், குனிஞ்சு வாங்க, நெல இடிக்கும்" என்று தேவசகாயம் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கூடத்தில் உட்கார வைத்து, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். மருமகள் காபி கொடுத்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார்.

"தப்பு பண்ணிட்டேன், தேவா" என்றார் என் வீட்டுக்காரர். அதற்காக அவருக்கு அரை மதிப்பெண் போடுகிறேன்.

"நீங்க இல்லாம லாட்ஜே நடக்கல. பிரதர்ஸ் எல்லாம் உங்களைத்தான் கேக்கறாங்க" என்று ரங்கநாதன் இடையில் புகுந்தார்.

தேவசகாயம் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "உள்காவலர் தம்பிக்குக் கால் நல்லாதான இருக்குது?"

"இருக்கு."

"அப்ப அவர வெளிய உக்காரச் சொல்லுங்க சார்."

"மகேஷ் எப்படிங்க? பெரிய கடைக்காரங்க வீட்டு மாப்பிள்ளை. வர்றவன் போறவன் பார்ப்பானே..."

"நான் உக்காந்துக்கினு இருந்தேனே சார்" என்றார் தேவசகாயம். குரலை உயர்த்தவே இல்லை. "பதினேழு வருஷம். என்னையுந்தான் பார்த்தாங்க."

ரங்கநாதன் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதில் ஒன்றும் வரவில்லை, எனக்குத் தெரியும்.

"இனிமே வர மாட்டேன், டாக்டர் சார். கோவம்லாம் இல்ல. போதும்" என்றார்.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுக்கு வாங்க" என்று நான் கூப்பிட்டேன்.

"யாருக்குப் பாடம், டீச்சரம்மா?"

"பாடம் இல்ல. சாப்பிட."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். இருபது பேரையும் பெயர் சொல்லித் திட்டினேன். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று கேட்டேன். மனசு லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

மட்டன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், பாயசம். மேஜைமேல் மூன்று இலை போட்டேன். பன்னிரண்டரைக்கு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தமும் கேட்டது. கரண்டியும் கையுமாக அழைப்புமணிக்காகக் காத்திருந்தேன்.

மணி அடிக்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன்.

தேவசகாயம் கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்.

சர்ச் ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, மடிமேல் ஒரு பை ஆப்பிளோடு, அதே பிளாஸ்டிக் நாற்காலியில். எதிரே என் வீட்டுக்காரரின் நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தார். ஷெட்டில் மின்விசிறி கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏன் இங்க உக்காந்துட்டீங்க?"

"சார் வருவார்ன்னுதான். நம்ம எடம் இதானம்மா?" என்றார். குத்திக்காட்டும் தொனி துளியும் இல்லை. எங்கே உட்கார்வது என்று நாங்கள் பழக்கியிருந்தோமோ அங்கே போய் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது வருடம். செவ்வாய்க்குச் செவ்வாய். அவருக்கு இந்த வீட்டுக் கூடத்தில் எத்தனை ஜன்னல் என்று தெரியாது. ரங்கநாதனுக்கு மாடி அறையும் மேஜையும் டிபனும் கொடுத்தபோது என் காதில் விழாத ரகசியம், தேவசகாயம் வந்தால் மட்டும் எப்படி விழும் என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவள் நான். சட்டம் போட்டது என் வீட்டுக்காரராக இருக்கலாம். ஸ்டூல்மேல் காபியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது யார்? வாளை மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டுப் பேரைக் கேட்டேனே, அந்தக் கேள்வியை என்னை யார் கேட்பது?

கோபம் வந்தது. அதைக் காட்ட அங்கே வேறு யாரும் இல்லை.

"உள்ள வாங்க" என்றேன். அவர் சாரைத் தேடி என் பின்னால் பார்த்தார். இன்னொரு முறை சொன்னேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. அப்படியும் நின்று, விரலை மடக்கி அதில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வரும் சத்தம் கேட்டது.